அவசரத்தில் பார்த்த டெஸ்ட்டா?

மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு



மெக்கானிக்கல் மாணவன் நுரையீரல் ஆபரேஷனைப் பற்றி எழுத வந்துவிட்டானே என்று நீங்கள் சிரிக்கலாம். மலர்க் குழுவில் இருக்கும் நண்பனும் சிரித்தான். "ஏண்டா, லேத் பத்தி எழுது, இல்லாட்டி அம்மா பத்தி ஒரு கவிதை எழுது, போட்டுடலாம்" என்றான். லேத்தைப் பற்றி எழுத என்னைவிடத் தெரிந்தவர்கள் நம் கல்லூரியில் நிறைய பேர் இருக்கிறார்கள். கவிதை எனக்கு வராது. ஆனால் இந்த விஷயத்தை எழுதாவிட்டால் எனக்கு இருப்புக் கொள்ளாது. காரணம், என் அத்தை கேட்ட ஒரு கேள்வி.

என் மாமா (அம்மாவின் தம்பி) கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ஃபவுண்டரியில் மோல்டிங் வேலை பார்த்தார். பத்தொன்பது வருடமாக மணலும் புகையும்தான். ஒரு மழைக்காலத்தில் இருமல் பிடித்தது, விடவே இல்லை. பக்கத்து ஊரில் ஒரு கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, "வலது பக்கம் மேலே ஒரு நிழல் தெரியுது, டி.பி.யாத்தான் இருக்கும்" என்று மாத்திரை கொடுத்தார்கள். சளிப் பரிசோதனை எதுவும் செய்யவில்லை. மூன்று மாதம் விழுங்கினார். எடை குறைந்ததே தவிர இருமல் குறையவில்லை. பிறகுதான் சென்னைக்கு அழைத்துப் போனோம். சி.டி. ஸ்கேனில் வலது நுரையீரலின் மேல் பகுதியில் இரண்டரை சென்டிமீட்டர் கட்டி. ஊசி போட்டு எடுத்துப் பார்த்தார்கள், தெளிவாகத் தெரியவில்லை. கடைசியில் டாக்டர் சொன்னது இதுதான்: "திறந்து கட்டியை எடுத்து, அங்கேயே டெஸ்ட் பண்ணிப் பார்ப்போம். அதைப் பொறுத்து எவ்வளவு எடுக்கணும்னு முடிவு பண்ணுவோம்."

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். அதனால் ரிப்போர்ட் எதுவானாலும் என் கையில்தான் கொடுப்பார்கள். ஆங்கிலம் படிக்கத் தெரிந்தால் அர்த்தமும் தெரியும் என்று அவர்கள் நினைப்பு. "டெஸ்ட் பண்ணிட்டுத்தானே ஆபரேஷன் பண்ணுவாங்க? இவங்க என்ன ஆபரேஷன் பண்ணும்போது டெஸ்ட் பண்றேங்கறாங்க?" என்று அம்மா கேட்டாள். நான் தெரிந்த மாதிரி தலையை ஆட்டி வைத்தேன்.

ஆபரேஷன் அன்று காலையில் வெளியே உட்கார்ந்திருந்தோம். ஒரு பையன் கையில் சின்ன டப்பாவோடு கதவைத் தள்ளிக்கொண்டு வேகமாகப் போனான். அதற்குள் மாமாவின் நுரையீரல் துண்டு இருந்தது என்று எனக்குப் பிறகுதான் தெரியும். அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஒரு டாக்டர் வந்து, "கேன்சர்தான், மேல் பகுதியை முழுசா எடுக்கிறோம். வெட்டுற இடம் சுத்தமா இருக்கு. பார்த்த நெறிக்கட்டியிலேயும் எதுவும் தெரியலை" என்றார். கேன்சர் என்ற வார்த்தையைக் கேட்டு அத்தை அழுதாள். கட்டியில் எதுவும் இல்லை என்றதைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் தேறினாள்.

பத்து நாள் கழித்து முழு ரிப்போர்ட் வந்தது. அன்று எதுவும் தெரியவில்லை என்ற நெறிக்கட்டிகளில் ஒன்றில் சின்னதாகக் கேன்சர் செல்கள் இருக்கின்றன, கீமோதெரபி கொடுக்க வேண்டும் என்றார்கள். அன்று ராத்திரி வீட்டில் பெரிய சண்டை. உறவினர் ஒருவர் "ஏமாத்திட்டாங்க" என்றே சொல்லிவிட்டார். அத்தை மட்டும் என்னைக் கூப்பிட்டுக் கேட்டாள்: "அவசரத்துல பார்த்துத் தப்பு பண்ணிட்டாங்களாடா? படிச்சவன் நீ சொல்லு."

என்னால் சொல்ல முடியவில்லை. அதற்குப் பிறகு விசாரித்து, படித்து, ரிப்போர்ட் வாங்கப் போனபோது லேப் டெக்னீஷியன் அக்கா ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன். அந்த அக்காவும் நம்மைப் போல டிப்ளமோதான். அதனால் எனக்குப் புரிகிற பாஷையில் சொன்னார்.

ஃபர்னஸ் முன்னால் நின்றவர்களுக்கு இது புரியும்

போன வருடம் இன்-பிளான்ட் டிரெய்னிங்கில் ஸ்டீல் ஃபவுண்டரிக்குப் போனவர்கள் ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். இண்டக்ஷன் ஃபர்னஸில் 1600 டிகிரிக்குப் பக்கத்தில் உலோகம் கொதித்துக்கொண்டிருக்கும். ஆபரேட்டர் அண்ணன் ஒரு கரண்டியில் கொஞ்சம் எடுத்து அச்சில் ஊற்றி, காயின் மாதிரி ஒரு சாம்பிள் எடுப்பார். ஹெல்ப்பர் அதைத் தண்ணீரில் போட்டு, இடுக்கியில் பிடித்துக்கொண்டு லேபுக்கு ஓடுவார். லேபில் அதைத் தேய்த்து ஸ்பெக்ட்ரோ மெஷினில் வைத்தால் கார்பன் எவ்வளவு, மாங்கனீஸ் எவ்வளவு, சல்ஃபர் எவ்வளவு என்று சில நிமிடத்தில் வந்துவிடும். அதுவரைக்கும் ஃபர்னஸ் காத்திருக்கும். கரண்ட் ஓடிக்கொண்டே இருக்கும். ரிசல்ட் வந்தால்தான் டேப்பிங். கார்பன் கூடவா குறைவா என்று தெரியாமல் ஊற்றிவிட்டால் மொத்த ஹீட்டும் ஸ்கிராப்.

ஆபரேஷன் தியேட்டரிலும் இதே கதைதான். காத்திருப்பது ஃபர்னஸ் அல்ல, நெஞ்சு திறந்த நிலையில் இருக்கும் ஒரு மனிதர். நுரையீரல் ஆபரேஷனில் வெட்டுகிற பக்கத்து நுரையீரலைக் காற்றில்லாமல் சுருங்க வைத்துவிட்டு, மறு பக்கத்தில் மட்டும்தான் மூச்சு ஓட்டுகிறார்கள். எனவே ஒவ்வொரு நிமிடத்துக்கும் விலை உண்டு. ஒரு துண்டைக் கொடுத்தால் 20 நிமிடத்துக்குள் பதில் வர வேண்டும் என்பது லேப்கள் வைத்திருக்கும் கணக்கு. இரண்டு மூன்று துண்டு போனால் நேரம் கூடும். இந்தப் பரிசோதனைக்குப் பெயர் ஃப்ரோசன் செக்ஷன். உறையவைத்துச் சீவிப் பார்ப்பது என்று தமிழில் சொல்லலாம்.

ஜன்னலுக்கு வெளியே வைத்த துண்டு

ஏன் உறையவைக்க வேண்டும்? நம் மெட்டலர்ஜி லேபில் சின்ன பீஸை அப்படியே கையில் பிடித்து பாலிஷ் போட முடியாது என்று பேக்கலைட்டில் மவுண்ட் பண்ணுகிறோம் அல்லவா, அதே காரணம்தான். உடம்பின் சதை கொழகொழவென்று இருக்கும். அதை மைக்ராஸ்கோப்பில் ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லியதாகச் சீவ வேண்டுமானால் முதலில் அது கெட்டியாக வேண்டும். வழக்கமான முறையில், ஃபார்மலினில் ஊறவைத்து, ஆல்கஹாலில் படிப்படியாகத் தண்ணீரை இறக்கி, உருகிய மெழுகில் தோய்த்து, மெழுகுக் கட்டியாக்கிப் பிறகு சீவுகிறார்கள். இதற்குக் குறைந்தது ஒரு நாளாவது வேண்டும். திறந்த நெஞ்சோடு ஒரு நாள் காத்திருக்க முடியுமா?

1891-ல் அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வெல்ச் என்ற நோயியல் மருத்துவர், கார்பன் டை ஆக்ஸைடு வாயுவைக் கொண்டு ஒரு மார்பகக் கட்டியை உறையவைத்துச் சீவிப் பார்த்தார். ஆனால் அவர் பார்த்து முடிப்பதற்குள் சர்ஜன் ஆபரேஷனையே முடித்துவிட்டாராம்! எனக்கு இதைப் படித்ததும் நம் டெஸ்டிங் லேப் ரிசல்ட்டுகள் ஞாபகம் வந்தன.

1905-ல்தான் காரியம் கைகூடியது. மினசோட்டாவில் உள்ள மாயோ கிளினிக்கில் வில்லியம் மாயோ என்ற சர்ஜன், நோயாளி மேசையில் இருக்கும்போதே இது கேன்சரா இல்லையா என்று சொல்ல ஒரு வழி வேண்டும் என்று கேட்டார். லூயிஸ் வில்சன் என்பவர் அதற்கு வழி தேடினார். அது கடும் குளிர்காலம். திசுத் துண்டை ஜன்னலுக்கு வெளியே வைத்தார், உறைந்துவிட்டது. அதைச் சீவி மெத்திலீன் ப்ளூ சாயம் போட்டுப் பார்த்தார். அந்த வருடமே அதை எழுதி வெளியிட்டார். சாம்பிளை ஜன்னலுக்கு வெளியே வைத்தால் நம் ஊரில் வெந்துதான் போகும். அதனால் நமக்கு மெஷின் தேவைப்படுகிறது.

நம் பாடத்தில் வரும் மெஷின்

அந்த மெஷினின் பெயர் கிரையோஸ்டாட். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். கதவைத் திறந்து பார்த்தால் நம் ரெஃப்ரிஜரேஷன் பாடம்தான்: கம்ப்ரஸர், கண்டென்ஸர், எக்ஸ்பான்ஷன், எவாப்பரேட்டர். உள்ளே மைனஸ் 20 டிகிரி அல்லது அதற்கும் கொஞ்சம் கீழே. அந்தக் குளிர்ப் பெட்டிக்குள் ஒரு மைக்ரோடோம் உட்கார்ந்திருக்கும். வெளியே இருக்கும் கைச்சக்கரத்தைச் சுற்றினால் உள்ளே துண்டு மேலும் கீழும் போய் நிலையாக இருக்கும் கத்தியில் உரசும். ஒவ்வொரு சுற்றுக்கும் துண்டு 5 மைக்ரான் முன்னால் வரும். ஷேப்பிங் மெஷினில் ஒவ்வொரு ஸ்ட்ரோக்குக்கும் டேபிள் நகருமே, அந்த ஃபீட் மாதிரியே வைத்துக்கொள்ளுங்கள்.

5 மைக்ரான் என்றால் எவ்வளவு? நாம் ஷாப்பில் பெருமையாகப் பிடிக்கும் மைக்ரோமீட்டரின் லீஸ்ட் கவுண்ட் 0.01 மில்லிமீட்டர், அதாவது 10 மைக்ரான். அதில் பாதி! நம் கருவியால் அளக்கவே முடியாத தடிமனில் ஒரு அக்கா ஒரு நாளைக்கு எத்தனையோ சீவல் எடுக்கிறார்.

வேலை நடக்கும் வரிசையை அக்கா சொன்னபடியே சொல்கிறேன். தியேட்டரிலிருந்து துண்டு ஈரம் காயாமல், ஆனால் ஃபார்மலினில் போடாமல் வர வேண்டும். "சில சமயம் புதுசா வந்த ஆளு பழக்க தோஷத்துல ஃபார்மலின்ல போட்டு எடுத்துட்டு வந்துடுவாங்க, அப்புறம் தலையில அடிச்சிக்க வேண்டியதுதான்" என்றார். முதலில் நோயியல் டாக்டர் அதைக் கண்ணால் பார்த்து, விரலால் தடவி, எந்த இடத்தை எடுப்பது என்று முடிவு செய்கிறார். பாதி வேலை இதில்தான் இருக்கிறதாம். இடத்தைத் தப்பாக எடுத்தால் மெஷின் எவ்வளவு நல்லதாக இருந்தும் பிரயோஜனம் இல்லை. பிறகு வெட்டிய முகத்தைக் கண்ணாடி ஸ்லைடில் லேசாக ஒற்றி எடுக்கிறார்கள். ஒட்டிக்கொள்ளும் செல்களைச் சாயம் போட்டால் இரண்டொரு நிமிடத்தில் ஒரு முதல் பார்வை கிடைக்கும். அதே நேரத்தில் துண்டை ஒரு உலோக வட்டின்மேல் பசை போன்ற ஜெல் ஊற்றி, கிரையோஸ்டாட்டுக்குள் இன்னும் அதிகக் குளிரான மேடையில் வைக்கிறார்கள். ஒரு நிமிடம் சொச்சத்தில் அது வெள்ளைக் கல் மாதிரி ஆகிவிடும். சீவுகிறார்கள். சீவல் சுருண்டுகொள்ளாமல் தடுக்க ஒரு கண்ணாடித் தகடு உண்டு. அறைச் சூட்டில் இருக்கும் ஸ்லைடை அருகில் கொண்டுபோனால் சீவல் சட்டென்று தாவி ஒட்டிக்கொள்ளும். அதை ஆல்கஹாலில் முக்கி, ஹெமட்டாக்ஸிலின் சாயத்தில் முக்கி, கழுவி, ஈயோசினில் முக்கினால் செல்லின் கரு நீலம், மற்றதெல்லாம் இளஞ்சிவப்பு. மூடிக் கண்ணாடி வைத்து மைக்ராஸ்கோப்புக்கு அனுப்புகிறார்கள். டாக்டர் பார்த்துவிட்டு ஃபோனில் தியேட்டருக்குச் சொல்கிறார். மறுமுனையில் கேட்பவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். வலது இடது மாறினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. ஐஸ்.

தக்காளியை ஃப்ரீசரில் வைத்து எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? வெளியே எடுத்ததும் கொழகொழவென்று ஆகிவிடும். தண்ணீர் உறையும்போது கன அளவில் சுமார் 9 சதவீதம் பெருக்கும். மெதுவாக உறைந்தால் ஐஸ் படிகங்கள் பெரிதாக வளர்ந்து செல் சுவர்களைக் கிழித்துவிடும். திசுவும் அப்படித்தான். ஸ்லைடில் பார்த்தால் ஓட்டை ஓட்டையாக, செல்லின் கரு ஊதிப்போய், நல்ல செல்லே கேன்சர் செல் மாதிரி வேஷம் போடும். அதனால்தான் வேகமாக உறையவைக்க வேண்டும். வேகமாகக் குளிரவைத்தால் படிகம் சின்னதாக இருக்கும் என்று நாமும் படித்தோம், அங்கே இரும்பு, இங்கே தண்ணீர்.

நுரையீரலில் இன்னொரு தொல்லை. அது ஸ்பாஞ்சு மாதிரி காற்று நிறைந்த உறுப்பு. வெட்டி எடுத்ததும் சுருங்கிவிடும். காற்றறைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் கட்டி எங்கே ஆரம்பிக்கிறது, சுருங்கின நல்ல நுரையீரல் எங்கே என்று பிரிக்க முடியாது. சில லேப்களில் அந்த ஜெல்லைத் தண்ணீர் கலந்து ஊசியால் துண்டுக்குள் ஏற்றி, நுரையீரலை மறுபடி உப்பவைத்து உறையவைக்கிறார்கள். பஞ்சர் ஆன டியூபில் காற்றடித்து ஓட்டையைத் தேடுவதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

டி.பி.யா, கேன்சரா?

நம் நாட்டில் நுரையீரலில் ஒரு நிழல் தெரிந்தால் முதலில் டி.பி. என்றுதான் நினைப்பார்கள். அதற்குக் காரணமும் இருக்கிறது. தாம்பரம் சானடோரியம் 1928-லேயே டி.பி.க்காகத் தொடங்கப்பட்டது. 1949-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் ரீவ் பெட்ஸ் என்ற அமெரிக்க டாக்டர் நெஞ்சறை அறுவைத் துறையைத் தொடங்கியபோது அங்கே வந்தவர்களிலும் டி.பி.க்காரர்கள் நிறைய. 1956-ல் சேத்துப்பட்டில் தொடங்கிய ஆராய்ச்சி மையம்தான், டி.பி. நோயாளி வீட்டில் இருந்தபடியே மாத்திரை சாப்பிட்டுக் குணமாகலாம் என்று உலகத்துக்கே காட்டியது. இவ்வளவு பெரிய அனுபவம் உள்ள ஊரில், டாக்டரின் கண் முதலில் டி.பி. பக்கம் போவதைக் குற்றம் சொல்ல முடியாது. சளியைக்கூடப் பார்க்காமல் மூன்று மாதம் ஓட்டுவதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஸ்கேனில் டி.பி. கட்டியும் கேன்சர் கட்டியும் ஒரே மாதிரி தெரியக்கூடும். மைக்ராஸ்கோப்பில்தான் வித்தியாசம். டி.பி.யில் செல்கள் கூட்டமாக வளையம் கட்டி நிற்கும், பல கருக்கள் உள்ள ராட்சத செல்கள் இருக்கும், நடுவில் தயிர்க்கட்டி போல் செத்த திசு. இதைப் பார்த்துவிட்டால் சர்ஜன் அதோடு நிறுத்திக்கொள்ளலாம். நுரையீரலில் பெரும் பகுதி பிழைத்தது.

ஆனால் டி.பி. கிருமி மைனஸ் 20 டிகிரியில் சாகாது. உறைந்த துண்டைச் சீவும்போது பறக்கும் தூளில் அதுவும் பறக்கும். சக்கரம் சுற்றுகிறவரின் மூக்குக்கு நேரே! அதனால் டி.பி. சந்தேகம் பலமாக இருந்தால் கிரையோஸ்டாட்டில் வைக்காமல், ஒற்றி எடுத்த ஸ்லைடை வைத்தே பார்க்கப் பார்ப்பார்கள். தெரியாமல் சீவிவிட்டால் மெஷினை நிறுத்தி, முழுவதும் கிருமி நீக்கம் செய்த பிறகுதான் அடுத்த துண்டு. "நாங்க மாஸ்க் போடாம கிட்டயே போகமாட்டோம்" என்றார் அக்கா. டிரெய்னிங்கில் கொடுத்த மாஸ்க்கை பேன்ட் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு சாண்ட் பிளான்ட்டில் சுற்றிய நானும் நீங்களும் இதைக் கவனிக்க வேண்டும். வார்ப்பு மணலில் பறக்கும் சிலிக்கா தூளை 1997-லேயே மனிதனுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை முதல் வகையில் சேர்த்துவிட்டது. இரும்பு, எஃகு வார்ப்புத் தொழிலே அதே வகையில்தான் இருக்கிறது. மாமாவுக்கு வந்ததற்கு மணல் காரணமா, அவர் பத்து வருடத்துக்கு முன் விட்ட பீடி காரணமா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

எவ்வளவு வெட்டுவது?

வலது நுரையீரலுக்கு மூன்று பகுதி, இடதுக்கு இரண்டு. 1933 ஏப்ரலில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் எவார்ட்ஸ் கிரஹாம் என்ற சர்ஜன் ஒரு டாக்டருக்கே நுரையீரல் கேன்சர் ஆபரேஷன் செய்தார். ஒரு பகுதியை எடுத்தால் போதும் என்று நினைத்துத் திறந்தார். உள்ளே பார்த்தால் கட்டி பரவியிருந்தது. மேசையிலேயே முடிவை மாற்றி இடது நுரையீரல் முழுவதையும் எடுத்தார். அந்த நோயாளி அதன் பிறகு முப்பது வருடம் வாழ்ந்தார். ஆபரேஷன் செய்த கிரஹாமோ 1957-ல் நுரையீரல் கேன்சரில் இறந்தார். புகைபிடிப்பதற்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பை 1950-ல் எடுத்துக் காட்டியவர்களில் அவரும் ஒருவர், அவரே நிறையப் புகைத்தவர்.

முழு நுரையீரல் என்பது பிறகு ஒரு பகுதி என்று குறைந்தது. அதற்கும் குறைவாக எடுத்தால் என்ன? 1995-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், குறைவாக எடுத்தவர்களுக்கு அதே இடத்தில் நோய் திரும்பி வருவது மூன்று மடங்காக இருந்தது. எனவே ஒரு பகுதியை முழுதாக எடுப்பதே சரி என்று கால் நூற்றாண்டு ஓடியது. ஸ்கேன் மெஷின்கள் முன்னேறிச் சின்னக் கட்டிகளும் கண்ணில் பட ஆரம்பித்ததும் கேள்வி மறுபடி வந்தது. 2022-ல் ஜப்பானில் 1106 பேரிடம் நடந்த ஆய்வும், 2023-ல் அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியாவில் 697 பேரிடம் நடந்த ஆய்வும், 2 சென்டிமீட்டருக்கு உட்பட்ட கட்டிக்கு அந்தப் பகுதியில் ஒரு கூறை மட்டும் எடுத்தாலே போதும் என்று காட்டின. ஆனால் ஒரு நிபந்தனை. நெறிக்கட்டிகளுக்குப் பரவியிருக்கக் கூடாது. அந்த 697 பேர் ஆய்வில், நெறிக்கட்டி சுத்தம் என்று மேசையிலேயே பார்த்து உறுதிசெய்த பிறகுதான் யாருக்கு எவ்வளவு வெட்டுவது என்று பிரித்தார்கள்.

அதாவது ஒருவர் ஆயுள் முழுக்க எவ்வளவு நுரையீரலோடு மூச்சு விடப்போகிறார், மாடிப்படி ஏறுவாரா, மறுபடி வேலைக்குப் போவாரா என்பது அந்த 20 நிமிட ஸ்லைடைப் பொறுத்திருக்கிறது. அதனால் சர்ஜன் பொதுவாக மூன்று கேள்விகளைத்தான் லேபிடம் கேட்கிறார். இது கேன்சரா? மூச்சுக்குழாயை வெட்டிய விளிம்பில் கேன்சர் இருக்கிறதா? நெறிக்கட்டிக்குப் போயிருக்கிறதா? இது எந்த வகைக் கேன்சர், எந்த மருந்துக்குக் கேட்கும் என்பதெல்லாம் அன்றைய கேள்வி இல்லை. அதைச் சொல்ல மெழுகுக் கட்டியும் பல நாள் பரிசோதனையும் வேண்டும். ஃப்ரோசனில் பார்த்து மிச்சமான அதே துண்டையும் மெழுகில் போட்டு மறுபடி பார்த்தே தீர வேண்டும் என்பது விதி. நம் ஸ்பெக்ட்ரோ சாம்பிள் சரியாக இருந்தாலும் காஸ்டிங் ஆறிய பிறகு அல்ட்ராசோனிக் பார்க்கிறோமே, அது போல.

இன்னொன்றும் சொன்னார் அக்கா. சில நேரம் டாக்டர் மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையை எடுத்து, "இப்போ சொல்ல முடியாது, முழு ரிப்போர்ட் வரட்டும்" என்று தியேட்டருக்குச் சொல்வாராம். அந்தப் பக்கம் சர்ஜன் கடுப்பாவார். ஆனாலும் சொல்ல முடியாததைச் சொல்ல முடியாது என்பதுதான் கஷ்டமான பதில் என்றார். வைவாவில் தெரியாத கேள்விக்கு நாம் அடிக்கும் பதில்களை நினைத்துப் பார்த்து நான் பேசாமல் இருந்தேன்.

அத்தைக்குச் சொன்ன கணக்கு

இப்போது அத்தையின் கேள்விக்கு வருவோம். அன்று பார்த்தது தப்பா?

ஒரு நெறிக்கட்டி ஒரு சென்டிமீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 மில்லிமீட்டர். அதை 5 மைக்ரான் தடிமனில் முழுவதும் சீவினால் எத்தனை சீவல் வரும்? கணக்குப் போட்டுப் பாருங்கள், 2000. இருபது நிமிடத்தில் 2000 சீவலை யார் பார்க்க முடியும்? கட்டியை இரண்டு மூன்றாக வெட்டி, வெட்டிய முகத்திலிருந்து சில சீவல்களை மட்டும்தான் பார்க்கிறார்கள். பெரிய பரவல் இருந்தால் அதில் மாட்டிவிடும். கால் மில்லிமீட்டர் அளவில் ஒரு மூலையில் ஒளிந்திருந்தால் தப்பித்துவிடும். மொத்தத்தில் ஃப்ரோசன் ரிசல்ட்டும் கடைசி ரிசல்ட்டும் நூற்றுக்கு 95-க்கு மேல் ஒத்துப்போகின்றன. மாமா மீதி உள்ளவர்களில் ஒருவர்.

தெரியவில்லை என்று டாக்டர் சொன்னதை இல்லை என்று நாங்கள் கேட்டுக்கொண்டோம். "பார்த்த நெறிக்கட்டியிலேயும் எதுவும் தெரியலை" என்றுதான் அவர் சொன்னார். எனக்கு அந்த வார்த்தைகள் அப்படியே ஞாபகம் இருக்கின்றன. இருந்தாலும் அவரும் இன்னும் ஒரு வாக்கியம் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். "பத்து நாள் கழிச்சு இது மாறவும் வாய்ப்பிருக்கு" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகிவிடப்போகிறது? அந்த ஒரு வாக்கியம் இருந்திருந்தால் எங்கள் வீட்டில் அந்த ராத்திரி சண்டை நடந்திருக்காது.

சரி, அன்றே தெரிந்திருந்தால் மாமாவுக்கு என்ன மாறியிருக்கும்? இதையும் கேட்டுவிட்டேன். அவருடைய கட்டி இரண்டரை சென்டிமீட்டர், எப்படியும் மேல் பகுதியை முழுதாகத்தான் எடுத்திருப்பார்கள். அந்தச் சின்னப் பரவல் அன்றே தெரிந்திருந்தாலும் அதே ஆபரேஷன், அதன் பிறகு அதே கீமோதெரபி. பத்து நாள் முன்னால் அழுதிருப்போம், அவ்வளவுதான். அன்றைக்கு ஸ்லைடு பதில் சொல்ல வேண்டிய பெரிய கேள்வி, இது டி.பி.யா கேன்சரா என்பது. மூன்று மாதம் மாத்திரை சாப்பிட்டும் தெரியாத அந்தப் பதிலை அரை மணி நேரத்தில் சரியாகச் சொன்னார்கள்.

இதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தைக்கு உட்கார்ந்து சொன்னேன். கிரையோஸ்டாட் என்பதை "ஐஸ் பெட்டிக்குள்ள இருக்கிற அரிவாமணை" என்று சொன்னதும் புரிந்துகொண்டாள். 2000 சீவல் கணக்குக்கு, ஒரு வாழைத்தண்டைக் காட்டி விளக்கினேன். "ரெண்டு வில்லைதான் பாத்தாங்களா? மீதியை என்னடா பண்ணாங்க?" என்று கேட்டாள். மெழுகில் வைத்துப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள், வேறு டாக்டரிடம் காட்ட வேண்டுமானால் கேட்டால் தருவார்கள் என்றேன். இது எனக்கும் முன்பு தெரியாது. நோயாளி எழுதிக் கொடுத்தால் மெழுகுக் கட்டியையும் ஸ்லைடையும் வாங்கிக்கொண்டு போய் இன்னொரு இடத்தில் காட்டலாம்.

அத்தை விடவில்லை. வாங்கிக்கொண்டு வரச் சொன்னாள். ஸ்லைடுகளை அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு எடுத்துப் போய்க் காட்டினோம். அங்கும் அதே ரிசல்ட்தான். அதற்குப் பிறகுதான் கீமோதெரபிக்குச் சம்மதித்தாள். நான்கு முறை போட்டார்கள். முடி கொட்டியது, வாந்தி எடுத்தார், முடிந்தது. இப்போது ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஸ்கேன். கும்மிடிப்பூண்டியில் காலை லோக்கலில் ஏறிப் பொன்னேரி தாண்டுவதற்குள் ஜன்னல் சீட் பிடித்துவிடுவார். மோல்டிங்குக்கு மறுபடி போகக் கூடாது என்று சொல்லிவிட்டதால் ஸ்டோர்ஸில் உட்காரவைத்திருக்கிறார்கள், சம்பளம் குறைவு.

திரும்ப வாங்கிய இரண்டு ஸ்லைடுகள் இன்னும் வீட்டில் இருக்கின்றன. மருத்துவமனையில் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். அத்தை அதைப் பழைய துணியில் சுற்றி, ரேஷன் கார்டு இருக்கும் டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறாள். அடுத்த ஸ்கேனுக்குப் போகும்போது எடுத்துக்கொண்டு போகலாம் என்கிறாள்.